ஹோஸுக்கு ஒரு சட்டை

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு டிரைவரம்மா ஜீப்பின் பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ள முடியவில்லை. அது சட்டை போட்டிருந்தது.

அவள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஒன்பது வருடமாகக் கற்றுக்கொடுக்கிறாள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் ஓட்டப் பழகியவர்கள். அந்தப் பாதிப் பேர் வைத்த பெயர்தான் டிரைவரம்மா. வாரத்தில் ஆறு நாள், மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில், பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மேடு பள்ளத்தில் தானே ஆசை தீர ஓட்டுவது வருடத்தில் ஒரு நாள். அது நாளை.

நாளை மேடேறும் பந்தயம். பழைய கல்குவாரிக்குப் பின்னால் ஒரு செம்மண் குன்று. ஏழு வளைவு. யார் முதல், யார் கடைசி என்பதெல்லாம் மற்றவர்களின் கவலை. உச்சியில் ஒரு கொடிக்கம்பம் இருந்தது. அதுவரை ஏறிய வண்டியின் நம்பரை மைக்கில் சொல்வார்கள். அவளுடைய நம்பர் பதினேழு. அதை இதுவரை யாரும் மைக்கில் சொன்னதில்லை. போன இரண்டு வருடமும் மூன்றாவது வளைவில் ஜீப் ஆவி கக்கி நின்றுவிட்டது.

இந்த வருடமும் நின்றால் ஜீப் கைவிட்டுப் போகும். பேச்சு அப்படி.

மாமியார் தையல்காரி. கூடத்தில் இரண்டு மிஷின், சாப்பாட்டு மேஜையில் துணி வெட்டு. உட்காருமுன் நாற்காலியைத் தடவிப் பார்ப்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். குண்டூசி யாருக்கும் உறவில்லை. ஜீப் நிற்கும் ஷெட்டின் மேல் மாமியாருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"மூணு தடவை ஏறிப் பாரு" என்று அவர்தான் சொன்னார். "மூணாவதும் ஏறலைன்னா வண்டியை வித்துட்டு ஷெட்டை எனக்குக் கொடு."

"ஏறிட்டா?"

"ஏறிட்டா ஷெட்டுங்கிற வார்த்தை என் வாயில வராது."

இரண்டு பேரும் கையடித்துக்கொண்டார்கள். மாமியார் அதோடு நிற்கவில்லை. மறுநாளே தையல் சுண்ணாம்பை எடுத்துப் போய், வெட்டு மேஜை வரப்போகும் இடத்தை ஷெட்டுத் தரையில் கோடு போட்டு வைத்தார். ஜீப் அந்தக் கோட்டின் மேல்தான் தினமும் நின்றது.

ஹோஸுக்குச் சட்டை தைத்ததும் அதே மாமியார்தான். நாலு வருடத்துக்கு முன்னால், குலுங்குகிற போதெல்லாம் விசிறிக் கூண்டின் விளிம்பு ஹோஸை அரம் மாதிரி அராவியது. "இதுக்கு மேல ஏதாவது சுத்தணும் அத்தை" என்று மருமகள் சொன்னாள். கணவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட தீயணைப்புக் குழாயின் கித்தான் துணி கிடைத்தது. மாமியார் வளைந்த ஊசியோடு பம்பரில் ஏறி உட்கார்ந்து, ஹோஸின் மேலேயே வைத்துத் தைத்தார். இரட்டைத் தையல். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய சட்டை. கழற்ற வழி கிடையாது. பார்த்த மெக்கானிக்குகள் எல்லாம் தடவிப் பார்த்து, பாராட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

இன்று அவள் குனிந்து கித்தானை மோந்தாள். இனிப்பாக ஒரு வாடை. கிளிப்புக்குப் பக்கத்தில் துணி வெளிறிய பச்சையாக இருந்தது.

கணவர் இரண்டு டம்ளர் காபியோடு வந்தார். அவர் கணக்கு வாத்தியார். பந்தயத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்பவரும் அவரே.

"ஏங்க, மோந்து பாருங்க."

"காபியையா?"

"ஹோஸை."

மோந்தார். "பாகு மாதிரி இருக்கு."

"கூலண்ட் தண்ணி. கசிஞ்சு கசிஞ்சு துணி குடிச்சிருக்கு. அதான் கீழ ஒரு சொட்டு விழலை. நாம தெர்மோஸ்டாட்டை மாத்தினோம், ரேடியேட்டரைக் கழுவினோம், பெல்ட்டை மாத்தினோம். திருடன் சட்டைக்குள்ள இருந்திருக்கான்."

"அப்ப சட்டையைக் கழட்டு."

"கழட்ட முடியாது. பிரிக்கணும்."

வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்தார். "அம்மா தையலையா?"

"அம்மா தையலைத்தான். நீங்க பிரிங்க."

"நீ இன்ஜினை இறக்கச் சொல்லு, இறக்குறேன். ஷெட்டையே இடிக்கச் சொல்லு, இடிக்கிறேன்."

அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில், கால்சட்டைப் பையை ஒரு அங்குலம் இறக்குவதற்காக அம்மாவைக் கேட்காமல் தையலைப் பிரித்தார். பதினோரு நாள் அம்மா பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், "பை இப்ப வசதியா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கால்சட்டையை வாத்தியார் அப்புறம் போடவே இல்லை.

டிரைவரம்மா காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு உள்ளே போனாள்.

மாமியார் மிஷினில் இருந்தார். கழுத்தில் அளவு டேப். அது இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"அத்தை, ஒரு தையலைப் பிரிக்கணும்."

மிஷின் நின்றது.

"எதை?"

"ஹோஸ் சட்டையை."

"கிழிஞ்சிருக்கா?"

"இல்ல. அது கல்லு மாதிரி இருக்கு. உள்ள இருக்கிறது எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

"நாலு வருஷத்துல ஒரு நூல் விட்டிருக்கா?"

"விடலை."

"அப்ப குத்தம் என் தையல்ல இல்ல."

"குத்தமே இல்ல அத்தை. தையல் ரொம்ப நல்லா இருக்கு. அதான் யாரும் உள்ள பார்க்கலை."

மாமியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மருமகளை மேலும் கீழும் பார்த்தார், சட்டைக்கு அளவெடுப்பது போல.

"நாளைக்கு நீ ஏறலைன்னா எனக்கு என்ன கிடைக்கும்?"

"ஷெட்டு."

"நான் பிரிக்க மாட்டேன்னா?"

"மூணாவது வளைவு வரைக்கும் போவேன். அப்புறம் ஷெட்டு உங்களுக்கு."

"இவ்வளவு தெரிஞ்சும் என்கிட்டயே வந்து கேட்குறியே. என் புள்ளையைவிட வெகுளியா இருக்கியே நீ."

அவள் வாசற்படியில் நின்றாள். சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. மிஷினின் சக்கரத்தை மாமியார் ஒரு விரலால் முன்னும் பின்னும் உருட்டினார். பிறகு இழுப்பறையைத் திறந்து, தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்தார்.

"கத்தரிக்கோலை எவரும் தொடக் கூடாது. நான் போட்ட தையல். நானே பிரிக்கிறேன்."

இன்ஜின் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஆறிக் கிடந்தது. மாமியார் பம்பரில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். நூலை விரலில் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம். வாத்தியார் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு தடவையும் ஓசையில்லாமல் திரும்பிப் போனார்.

சட்டை இரண்டாகப் பிரிந்து விழுந்தது.

ஹோஸ் கிளிப்பை ஒட்டி வீங்கியிருந்தது. மேலிருந்து சொட்டிய எண்ணெயையும் துணி குடித்து, நாலு வருடமாக ரப்பருக்கு ஊட்டி வீங்க வைத்திருந்தது. டிரைவரம்மா இரண்டு விரலால் அமுக்கினாள். நல்ல ரப்பர் அமுங்கி, விட்டதும் எழும். இது அமுங்கியது, எழவில்லை. உள்ளே மொறுமொறு என்று சத்தம் கேட்டது. கிளிப்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, நக அளவுக்கு ஒரு வெடிப்பு. சும்மா நிற்கும்போது மூடிக்கொள்ளும். மேட்டில் அழுத்தம் ஏறினால் வாயைத் திறக்கும்.

மாமியார் ரொம்ப நேரம் பார்த்தார்.

"வெளிப்பக்கம் ஒரு கீறல் இல்ல பாரு."

"இல்ல அத்தை. கூண்டு தொட்ட அடையாளமே இல்ல."

"சட்டை அது வேலையைச் செஞ்சிருக்கு." கத்தியை மூடினார். "உடம்புக்கு முடியலைன்னா திறந்து பார்க்க வழி வேணும். அதை வைக்காம தைச்சது நான்."

வாத்தியார் வாயைத் திறந்தார்.

"நீ பேசாதே, கால்சட்டைப் பை" என்றார் மாமியார்.

மருமகள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் மூன்று பேருமே சிரித்தார்கள். வாத்தியார் பதினோரு நாள் பாக்கியையும் சேர்த்துச் சிரித்தார்.

மொத்தம் நாலு ஹோஸ்: மேலே ஒன்று, கீழே ஒன்று, ஹீட்டருக்குப் போகிற இரண்டு. "நாலும் ஒரே வயசு" என்றாள் டிரைவரம்மா. "ஒருத்தர் படுத்தா மத்தவங்க வரிசையில நிக்கிறாங்கன்னு அர்த்தம்." வாத்தியார் அவள் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார். அவர் வருவதற்குள் அவள் ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்து, கூலண்டை ஒரு பேசினில் பிடித்தாள். பழைய ஹோஸை முறுக்கிப் பிடுங்கவில்லை. முறுக்கினால் ரேடியேட்டரின் கழுத்து போய்விடும். கத்தியால் நீளவாக்கில் கீறி, வாழைப்பழம் போல உரித்து எடுத்தாள். கழுத்தில் ஒட்டியிருந்த கசடை உப்புத்தாளால் தேய்த்தாள், தகரம் பளிச்சென்று தெரியும்வரை.

கீழ் ஹோஸை உரித்தபோது உள்ளேயிருந்து நீளமாக ஒரு ஸ்பிரிங் வந்தது. மாமியார் அதை எடுத்துச் சுருக்கிப் பார்த்தார்.

"குழாய்க்குள்ள இது எதுக்கு?"

"கீழ் ஹோஸ் வழியாத்தான் பம்ப்பு உறிஞ்சும். வேகம் ஏறினா ஹோஸ் சப்பிப் போயிடும். சப்பாம இருக்க இது."

"காலருக்குள்ள விறைப்புத் துணி வைக்கிற மாதிரி."

"அதேதான்."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் மெக்கானிக் ஆகியிருப்பேனே."

புது ஹோஸின் உள்வாயைக் கூலண்டில் நனைத்ததும் அது வழுக்கிக்கொண்டு ஏறியது. வாத்தியார் கிளிப்பை முறுக்கினார். முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"போதுங்க. கழுத்தை நெரிக்காதீங்க."

"இறுக்கமா இருந்தா நல்லதுதானே?"

"அளவா இருந்தா நல்லது. ரப்பர் வெட்டிடும்."

"கொஞ்சம் லூஸா விடுடா" என்றார் மாமியார் ஹோஸின் வளைவைக் காட்டி. "இன்ஜின் குலுங்குமில்ல? முழங்கையை மடக்கணும்னா கையில துணி கூட வேணும்." மருமகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அதைத்தான் அவளும் சொல்ல இருந்தாள்.

பிறகு மாமியார் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார்.

"எங்கெங்க உரசும்?"

"இங்க, கூண்டு விளிம்பு. இங்க, பேட்டரித் தட்டோட போல்ட்டு."

இரண்டு இடத்திலும் சுண்ணாம்பால் குறி போட்டார். "முட்டிக்கு ஒட்டுப் போடுற மாதிரி ரெண்டு இடத்துலயும் இரட்டைத் துணி. முன்பக்கம் திறப்பு. ஷூவுக்குக் கட்டுற மாதிரி கயிறு. இழுத்தா அவிழணும்."

"ரெண்டு முனையிலயும் மூணு விரல் துணி வேண்டாம் அத்தை. கிளிப்பும் ரப்பரும் தெரியணும்."

"முகத்தை மூடக் கூடாதுங்கிறே."

"மூடினா நோய் தெரியாது."

புதுக் கித்தானை வெட்டித் தைக்க மத்தியானம் ஆனது. மேஜையில் துணி கிடந்ததால் சாப்பாடு தரையில். வாத்தியார் உட்காருமுன் தரையையும் தடவிப் பார்த்தார்.

சட்டை கட்டி, கூலண்ட் ஊற்றி, ஜீப்பின் மூக்கு மேலே தூக்கி நிற்கும்படி வாசல் சரிவில் ஏற்றினார்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினை ஓட விட்டாள். ஹீட்டரையும் முழுதாகத் திறந்தாள். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று குமிழி குமிழியாக வந்தது. வாத்தியார் எண்ணினார். மாமியாரிடம் மேல் ஹோஸைக் கொடுத்து, சூடு ஏறுமுன் மெல்ல அமுக்கி அமுக்கி விடச் சொன்னாள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு குமிழி.

"ஏப்பம் விடுது" என்றார் மாமியார்.

"நாற்பத்தி மூணு" என்றார் வாத்தியார்.

குமிழி நின்றது. மூடியைப் போட்டாள். வண்டி சூடாகி, சாயங்காலம் ஆறியபின் எல்லாக் கிளிப்பையும் இன்னும் கால் சுற்று இறுக்கினாள். புது ரப்பர் ஒரு தடவை சூடு பட்டால் அமரும். இரண்டு முனையையும் விரலால் தடவினாள். விரல் உலர்ந்திருந்தது.

ஞாயிறு காலை ஜீப்பின் பின் இருக்கையில் மாமியார் உட்கார்ந்திருந்தார், மடியில் தையல் பையோடு.

"நீங்க எங்க அத்தை?"

"கயிறு அவிழ்ந்தா யார் கட்டுறது?"

"அது அவிழாது."

"அப்ப நான் வர்றதுல உனக்கு என்ன பயம்?"

பெல்ட் போட்டிருந்தால் எத்தனை பேர் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது பந்தய விதி. வாத்தியார் விதித்தாளை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். தப்பிக்க வழி இல்லை.

பச்சைக்கொடி ஆடியது.

முதல் வளைவு தூசி. இரண்டாவது வளைவு தூசியும் கல்லும். வாத்தியார் வகுப்புக் குரலில் வழி சொன்னார். "இடப்பக்கம் பள்ளம். கவனிக்கவும். அடுத்தது, வலப்பக்கம் சரிவு. அதையும் கவனிக்கவும்."

"எழுதிக்கணுமா சார்?" என்றார் மாமியார்.

"கடைசி பெஞ்சு பேசக் கூடாது."

வெப்பமானியின் கண்ணாடியில் நகப்பாலீஷால் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. போன வருடம் ஆவி வந்தபோது முள் நின்ற இடம் அது. மூன்றாவது வளைவில் செம்மண் சறுக்கியது. இரண்டாவது கியர், முதல் கியர். இன்ஜின் உறுமியது. முள் ஏறியது. மரக்கிளை ஒன்று முன்பக்கக் கம்பிக்குள் புகுந்து, பானெட்டுக்கு அடியில் எதையோ சர்ரென்று இழுத்துக்கொண்டு போனது. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"பொட்டைத் தொடுமா?" என்றார் மாமியார், முன் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டி.

"தெரியாது அத்தை."

முள் பொட்டுக்கு ஒரு நூல் கீழே போய் நின்றது. அவள் காலை எடுக்கவில்லை. பின் சக்கரம் சுழன்றது, மண்ணை வாரி இறைத்தது, ஒரு கல்லைப் பிடித்தது. ஜீப் ஒரு முக்கு முக்கி மேலே வந்தது. முள் அங்கேயே நின்றது. ஆவி இல்லை. இனிப்பு வாடை இல்லை. நாலாவது வளைவு. அதை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. அங்கே ஒரு வேப்பமரம் இருந்தது.

"நாலு!" என்று கத்தினாள்.

"அஞ்சு!" என்றார் மாமியார். ஆறாவதை இருவரும் சேர்ந்து சொன்னார்கள். ஏழாவதில் வார்த்தை வரவில்லை, ஹாரன் மட்டும்.

கொடிக்கம்பம் வந்தது. மைக் கரகரத்தது. "வண்டி எண் பதினேழு!"

அவள் இன்ஜினை உடனே அணைக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா ஓடி ஆறட்டும் என்று விட்டாள். ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்தாள். தோள் குலுங்கியது. மாமியார் பயந்து போய் எட்டிப் பார்த்தால், சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"வந்துட்டோமா?" என்றார் வாத்தியார், மூடிய கண்ணைத் திறக்காமலே.

"கண்ணைத் திறந்து பாருடா" என்று மாமியார் டேப்பின் நுனியால் அவர் தலையில் ஒரு போடு போட்டார்.

பானெட்டைத் தூக்கினார்கள். கித்தானின் மேல் கிளை கிழித்த நீளக் கோடு, இரட்டைத் துணியின் மேல் துணியோடு நின்றிருந்தது. கீழ் துணியை அது தொடவில்லை. மாமியார் கையை நீட்டினார்.

"தொடாதீங்க அத்தை, கொதிக்கும்."

"தொடலை. பார்க்கிறேன்." மூன்று விரல் இடைவெளியில் குனிந்து பார்த்தார். ரப்பர் தெரிந்தது. கிளிப் தெரிந்தது. எல்லாம் உலர்ந்திருந்தது.

பக்கத்து ஜீப்பில் ஒரு தாடிக்காரர் ஹோஸில் ஒட்டும் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவருடையதை அதே கிளைதான் கிழித்திருந்தது. எட்டிப் பார்த்தார். "இது எந்தக் கடையில கிடைக்கும்மா?"

"கடையா?" மாமியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இரட்டைத் துணி, கயிறு வச்ச திறப்பு. எந்தக் கடையில தைப்பான்?"

"எனக்கு ஒண்ணு தைச்சுத் தருவீங்களா?"

இன்னொருவர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு அம்மாள், இரண்டு வண்டிக்காரி. அப்புறம் கும்பலாக. ஆளாளுக்கு அவரவர் பானெட்டைத் தூக்கினார்கள்.

"கொதிக்கிற வண்டியில அளவெடுக்க முடியாது" என்றார் மாமியார், பிறந்ததிலிருந்து மெக்கானிக் போல. "எல்லாம் ஆறட்டும். வரிசையா நில்லுங்க. யாரும் சட்டையை இழுத்து மூடச் சொல்லாதீங்க. முனை தெரியணும்."

ஆறிய வண்டியாகப் பார்த்து டேப்பை வைத்தார். வாத்தியார் எழுதினார். இந்த வண்டிக்கு எங்கே உரசும், அந்த வண்டிக்கு எங்கே உரசும் என்று டிரைவரம்மா காட்டக் காட்ட, மாமியார் சுண்ணாம்பால் குறி போட்டார். பதினாலு வண்டி. நாலு ஹோஸ் வீதம் ஐம்பத்தாறு சட்டை என்று வாத்தியார் மனக்கணக்காகச் சொன்னார்.

மாமியார் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். டேப்பை நிதானமாகச் சுருட்டினார். கீழே ஊர் தெரிந்தது, அதில் அவர்களுடைய வீட்டுக் கூரையும், கூரைக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு தகரக் கூரையும்.

"ஐம்பத்தாறு" என்றார். "சாப்பாட்டு மேஜையில முடியாதே."

டிரைவரம்மா கொடிக்கம்பத்தைப் பார்த்தாள்.

"நான் கொடுத்த வாக்கு வாக்குதான். அந்த வார்த்தையை நான் சொல்லவே மாட்டேன்" என்றார் மாமியார். "சும்மா ஒரு சந்தேகம் கேட்குறேன். ஹோஸுக்கே இப்படித் தைச்சேனே, முழு ஜீப்புக்கும் ஒரு சட்டை தைச்சுக் கொடுத்தா, அது மழையில வெளிய நிக்காதா, கண்ணு?"